ஒல்லாந்தரின் வீதியும் நமது பாடசாலை வீதியும்



கொஞ்சம் நீளமான பதிவு. தேநீர் ஒன்றை ஊற்றிக்கொண்டு, ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

சென்ற மாதம் பாடசாலை விட்ட நேரத்தில், எங்கள் வாயிலுக்கு நேர் முன்னால், மூன்றாம் தரத்துப் பிள்ளை ஒன்றை மோட்டார் சைக்கிள் தட்டிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், கையெலும்பு முறிவோடு போயிற்று. பிள்ளையைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். வலியில் அழுதுகொண்டே அந்தப் பிள்ளை கேட்டது ஒன்றுதான்: "சேர், உம்மா ஏசுவாவா?" வீதியைக் கடந்தது தன்னுடைய குற்றம் என்று அது நினைத்திருக்கிறது. அந்தக் கேள்வி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அதன்பிறகு நடந்த கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. காலை 7.00 முதல் 7.30 வரையும், பிற்பகல் 1.30 முதல் 2.00 வரையும் பாடசாலை வீதியை வாகனங்களுக்கு மூடுவது. அவ்வளவுதான். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. கடைக்காரர்கள் வியாபாரம் படுத்துவிடும் என்றார்கள். பெற்றோர் சிலர், மோட்டார் சைக்கிளில் வாயில் வரை வராவிட்டால் பிள்ளையை எப்படி ஏற்றுவது என்றார்கள். நான் நெதர்லாந்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லப் போனேன். பின்னால் இருந்து ஒரு காக்கா சத்தமாகச் சொன்னார்: "சேர், அது வெள்ளக்காரன்ட ஊர். அவன் பொறக்கக்குள்ளயே சைக்கிளோட பொறந்தவன். நமக்குச் சரிவராது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு, வரலாறு படிப்பிக்கிற ஒருவன் அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஏனென்றால் அது உண்மையல்ல. அவன் சைக்கிளோடு பிறக்கவில்லை. அவனுடைய நகரமும் ஒரு காலத்தில் நமது வீதியைப் போலத்தான் இருந்தது. சொல்லப்போனால், அதைவிட மோசமாக இருந்தது. அந்த வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒல்லாந்தர் நமக்குப் புதியவர்கள் அல்லர். 1640இல் போர்த்துக்கேயரிடமிருந்து காலியைப் பிடித்து, இன்று நாம் பார்க்கும் கோட்டையின் பெரும்பகுதியைக் கட்டியவர்கள். நமது வயதானவர்கள் இன்றும் சொல்லும் "கந்தோர்" என்ற சொல் அவர்கள் விட்டுச் சென்றது. காலிக் கோட்டைக்குள் ஒரு தடவை நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த வீதிகள் மனிதனுடைய காலுக்கும் மாட்டு வண்டிக்கும் அளந்து போடப்பட்டவை. அவர்களுடைய சொந்த நாட்டுப் பழைய நகரங்களும் அப்படித்தான். ஒடுங்கிய வீதி, கால்வாய், நடுவில் ஒரு சந்தை மைதானம்.

அந்த நகரங்களுக்குள் கார் வந்தது இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகுதான் பெருமளவில். 1950இல் முழு நெதர்லாந்திலும் இருந்த கார்கள் ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவு. 1970 ஆகும்போது சுமார் 25 இலட்சம். இருபது வருடத்தில் பதினைந்து மடங்குக்கும் அதிகம். நாடு பணக்கார நாடாகிக்கொண்டிருந்தது. கார் வைத்திருப்பது முன்னேற்றத்தின் அடையாளம். சைக்கிள் என்பது கார் வாங்க முடியாதவனுடையது. இந்தப் பேச்சை நாம் எங்கேயோ கேட்டிருக்கிறோம் அல்லவா?

சந்தை மைதானங்கள் வாகனத் தரிப்பிடங்களாயின. நடைபாதைகள் வெட்டப்பட்டு வீதிகள் அகலமாக்கப்பட்டன. அதுவும் போதாது என்று 1954இல் அம்ஸ்டர்டாமின் பொலிஸ் தலைவர் காஸ்யாகர், நகரத்தின் பழைய கால்வாய்கள் பலவற்றை மண் போட்டு நிரப்பி வாகன வீதிகளாக்கலாம் என்று யோசனை சொன்னார். 1967இல் யோகினென் என்ற அமெரிக்கப் போக்குவரத்து நிபுணர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த டி பைப் போன்ற பகுதிகளின் வீடுகளை இடிக்க வேண்டும், நகரைச் சுற்றியோடும் சிங்கல் கால்வாயின் இடத்தில் ஆறு நிரை நெடுஞ்சாலை போட வேண்டும் என்பது அவருடைய திட்டம். இன்று உலகம் முழுவதிலிருந்தும் மக்கள் போய் நின்று படம் எடுக்கிற அம்ஸ்டர்டாம் ஒரு பெரிய சந்தியாக மாறியிருக்கக்கூடும். மக்கள் எதிர்த்ததால் அந்தத் திட்டங்கள் நின்றன.

கால்வாய்கள் தப்பின. ஆனால் பிள்ளைகள் தப்பவில்லை.

1971ஆம் ஆண்டு அந்தச் சிறிய நாட்டில் வீதி விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் சிறுவர்கள். அந்த எண்ணிக்கையை ஒரு ஆசிரியனாகக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஒரு வகுப்பில் 35 பிள்ளைகள் என்று வைத்தால், பதினொரு வகுப்பறைகள் ஒரே வருடத்தில் வெறுமையாகின்றன.

அந்தப் பிள்ளைகளில் ஒருவர், டி டைட் என்ற பத்திரிகையின் செய்தியாளர் விக் லாங்கன்ஹோஃப் என்பவரின் மகள். பாடசாலைக்குப் போகும் வழியில் இறந்த பிள்ளை. 1972இல் அந்தத் தந்தை ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பு, "சிறுவர் கொலையை நிறுத்து". விபத்து என்று எழுதவில்லை. கொலை என்று எழுதினார். பிள்ளைகளின் உயிரைக் கொடுத்து வாகனங்களின் வேகத்தை நாம் வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் அவருடைய வாதம். அந்தத் தலைப்பே ஒரு மக்கள் இயக்கத்தின் பெயராயிற்று. அதன் முதல் தலைவி மார்ட்யே வான் புட்டன் என்ற இளம் தாய். பிற்காலத்தில் ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்குத் தெரிவானவர்.

அந்த இயக்கம் செய்தவை மிக எளிமையானவை. விபத்து நடந்த இடங்களில் பெற்றோரும் பிள்ளைகளும் போய் உட்கார்ந்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு வீதியை மறித்து, நடுவில் மேசை போட்டுப் பிள்ளைகளை விளையாட விட்டார்கள். சைக்கிளில் ஊர்வலமாகப் பிரதமர் யோப் டென் அய்லின் வீட்டுக்கே போய்ப் பாட்டுப் பாடி, பாதுகாப்பான வீதி கேட்டார்கள். இடிக்கத் திட்டமிடப்பட்ட அதே டி பைப் பகுதியில், 1972இல் பிள்ளைகளே முன்னுக்கு வந்து தங்கள் வீதியை விளையாட்டு வீதியாக்கச் சொல்லி மறித்தார்கள். அது தொலைக்காட்சியிலும் வந்தது. கார்காரர்கள் சிலர் இறங்கி வந்து தடைகளைத் தூக்கி எறிந்து, பெரியவர்களோடு கைகலப்புக்கும் போனார்கள். அங்கேயும் எல்லோரும் கைதட்டி வரவேற்கவில்லை, உறவுகளே.

இதற்கிடையில் ஒரு பெரிய சம்பவம். 1973 ஒக்டோபரில் அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் யுத்தம். இஸ்ரேலுக்கு ஆதரவளித்த காரணத்தால் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கும் நெதர்லாந்துக்கும் எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. எரிபொருளைச் சேமிக்க டச்சு அரசாங்கம் ஒரு முடிவெடுத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடக்கூடாது. முதல் ஞாயிறு 1973 நவம்பர் 4. அடுத்த ஜனவரி ஆரம்பம் வரை அது நீடித்தது.

அந்த ஞாயிறுகளின் படங்களைப் பார்த்திருக்கிறேன். நெடுஞ்சாலையில் குடும்பம் குடும்பமாக மக்கள் நடக்கிறார்கள். பிள்ளைகள் சக்கரச் சப்பாத்து போட்டு ஓடுகிறார்கள். குதிரை வண்டி போகிறது. தண்டனையாக வந்த ஒரு தடை, பெருநாள் போல ஆகிவிட்டது. இருபது வருடமாக மறந்துபோயிருந்த ஒன்றை மக்கள் தங்கள் கண்ணால் கண்டார்கள். வீதி என்பது வாகனம் போவதற்கு மட்டும் உள்ள இடமல்ல.

எண்ணெய் திரும்பி வந்தது. கார்களும் திரும்பி வந்தன. ஆனால் அவர்கள் கண்டதை மறக்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்பி வருவேன்.

டெல்ஃப்ட் என்ற நகரத்தில் ஏற்கெனவே ஒரு பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. குடியிருப்பு வீதிகளில் மரம் நட்டு, ஆசனம் போட்டு, வீதியை வளைத்துவிட்டார்கள். கார் உள்ளே வரலாம், ஆனால் மனிதன் நடக்கிற வேகத்தில்தான் வரலாம். பிள்ளைகள் வீதியின் முழு அகலத்திலும் விளையாடலாம். அதற்கு அவர்கள் வைத்த பெயரை நம் மொழியில் "வாழும் முற்றம்" என்று சொல்லலாம். 1976இல் அது நாட்டின் சட்டத்திலேயே இடம்பிடித்தது. நமது பழைய வளவுகளும் ஒழுங்கைகளும் அப்படித்தானே இருந்தன? மஃரிப் வரை பிள்ளைகள் விளையாடுவார்கள். வாகனம் வந்தால் வாகனம்தான் நிற்கும். நாம் இழந்த ஒன்றுக்கு அவர்கள் சட்டம் எழுதினார்கள்.

இனி நான் சொல்ல வந்த நகரத்துக்கு வருகிறேன். வடக்கே இருக்கிற குரோனிங்கன். 1614இல் ஆரம்பித்த பல்கலைக்கழகம், நடுவில் சுமார் 97 மீற்றர் உயரமான பழைய கோபுரம், அதன் அடியில் பெரிய சந்தை மைதானம். 1945 ஏப்ரலில் நடந்த சண்டையில் அந்த மைதானத்தின் இரண்டு பக்கங்கள் அழிந்தன. மீளக் கட்டியபோது கார்களுக்குத் தாராளமாக இடம் விட்டார்கள். எழுபதுகளின் ஆரம்பத்தில் அந்த நகர மையம் முழுவதும் வாகன நெரிசல். மக்கள் அங்கே குடியிருப்பதை விட்டுப் புறநகருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மையத்துக்குள் இன்னும் அகலமான வீதிகள் போடுவதுதான் பழைய திட்டங்களின் மருந்து.

அப்போதுதான் ஒரு புதிய தலைமுறை நகர சபைக்குள் வந்தது. அவர்களில் ஒருவர் மாக்ஸ் வான் டென் பெர்க். இருபதுகளிலேயே அரசியலுக்கு வந்தவர். நகரத்தின் போக்குவரத்து அவர் பொறுப்பில் வந்தது. அவருடைய குழு போட்ட திட்டம் காரைத் தடை செய்யவில்லை. இதைக் கவனியுங்கள், ஏனென்றால் நமது கூட்டத்தில் எல்லோரும் "தடை, தடை" என்றுதான் பேசினோம்.

அவர்கள் செய்தது இதுதான். நகர மையத்தைச் சுற்றிக் கால்வாய்களும், அவற்றோடு ஒட்டி ஒரு சுற்று வீதியும் இருக்கின்றன. உள்ளே இருக்கிற மையத்தை, ஒரு ரொட்டியை நான்காகக் கிழிப்பது போல நான்கு பகுதிகளாகப் பிரித்தார்கள். காரில் எந்தப் பகுதிக்குள்ளும் போகலாம். ஆனால் ஒரு பகுதியிலிருந்து மற்றப் பகுதிக்கு உள்ளாலேயே காரில் போக முடியாது. வெளியே வந்து, சுற்று வீதியில் சுற்றி, மறுபடி உள்ளே போக வேண்டும். நடந்தோ சைக்கிளிலோ போகிறவர் நேராகப் போகலாம்.

விளைவு என்ன? உள்ளே வேலை இருக்கிறவன் வருவான். நகரத்தின் நடுவால் ஊடறுத்து மறுபக்கம் போவதற்காக மட்டும் வந்தவன் இனி வரமாட்டான். நெரிசலில் பெரும்பகுதி அந்த ஊடறுத்துப் போகிறவனால் வந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

1977 செப்டெம்பர் 19. ஒரே இரவில் வீதிக் குறியீடுகள் மாற்றப்பட்டன. காலையில் எழும்பியவர்களுக்கு நகரம் வேறு நகரமாக இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் கடைக்காரர்களின் எதிர்ப்பு மிகக் கடுமையாக இருந்தது. "கார் வராவிட்டால் வாடிக்கையாளர் வரமாட்டார், நாங்கள் கடையை மூட வேண்டியதுதான்" என்பதே அவர்களுடைய வாதம்.

இந்த இடத்தில் நான் கடைக்காரர்களைக் கேலி செய்ய விரும்பவில்லை. என் வாப்பா பிரதான வீதியில் புடவைக்கடை வைத்திருந்தவர். கடை வாசலில் யாராவது ஒரு லொறியை நிறுத்திவிட்டால் அன்றைய நாள் முழுவதும் அவருடைய முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வாடகை, காசோலை, பெருநாள் கடன் என்று மூச்சுப் பிடித்து நடத்துகிற வியாபாரம். அதில் யாராவது வந்து புதிதாக ஒன்று செய்து பார்ப்போம் என்றால் பயம் வரத்தான் செய்யும். அந்தப் பயத்துக்கு மரியாதை கொடுக்க வேண்டும். ஆனால் வரலாறு அந்தப் பயத்துக்கு என்ன பதில் சொன்னது என்பதையும் பார்க்க வேண்டும்.

குரோனிங்கனில் கடைவீதி செத்துப் போகவில்லை. ஹேரஸ்ட்ராட் என்ற அவர்களுடைய பிரதான கடைவீதியில் இன்று மக்கள் நடந்துதான் போகிறார்கள். முழு வட நெதர்லாந்திலும் சனம் நிறைந்த கடைவீதிகளில் அது ஒன்று. மீன் சந்தை என்று பெயர் பெற்ற மைதானத்தில் ஒரு காலத்தில் கார்கள் நிறுத்திக் கிடந்தன. இன்று அங்கே மீனும் காய்கறியும் பூவும் விற்கிற சந்தை கூடுகிறது. கடைகளுக்குச் சாமான் கொண்டுவரும் லொறிகள் காலை நேரத்தில் வந்து இறக்கிவிட்டுப் போகின்றன. அதற்குப் பிறகு வீதி வாங்குகிறவனுக்கு.

இதே கதை அவர்களுக்கு முன்பே டென்மார்க்கின் தலைநகர் கொப்பன்ஹேகனில் நடந்திருந்தது. 1962 நவம்பரில் ஸ்ட்ரோய் எனப்படும், ஒரு கிலோமீற்றருக்கு மேல் நீளமான கடைவீதியைப் பரிசோதனையாகக் கார்களுக்கு மூடினார்கள். கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். இந்தக் குளிர் நாட்டில் யார் வெளியில் வந்து நடப்பார், இதெல்லாம் இத்தாலிக்குத்தான் சரி என்று பத்திரிகைகள்கூட எழுதின. அதாவது, "அது வேறொருவன்ட ஊர், நமக்குச் சரிவராது". அதே பேச்சு! நமது காக்கா சொன்னதை அறுபது வருடத்துக்கு முன் டென்மார்க்காரன் இத்தாலிக்காரனைக் காட்டிச் சொல்லியிருக்கிறான். ஆனால் சனம் கூடியது, வியாபாரம் கூடியது, 1964இல் அந்த வீதி நிரந்தரமாகவே நடைவீதியாயிற்று.

காரணம் யோசித்தால் விளங்கும். கார் எதையும் வாங்குவதில்லை. மனிதன்தான் வாங்குகிறான். ஓடுகிற வாகனத்தில் போகிறவன் நமது கடையின் பெயர்ப்பலகையைக்கூட வாசிப்பதில்லை. நடந்து போகிறவன் நிற்பான், பார்ப்பான், விலை கேட்பான், சலாம் சொல்வான். ஒரு கார் நிற்கிற இடத்தில் பத்துச் சைக்கிள் நிற்கும்.

அந்த நகரங்களில் கார் இல்லாமல் வாழ்கிறவர்கள் ஏன் அதை விரும்புகிறார்கள் என்று கேட்டால், பதில் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. குரோனிங்கன் நகர சபை இன்னொரு காரியத்தையும் செய்தது. நகரத்தைப் பரந்து விரிய விடவில்லை. வீடு, பாடசாலை, வைத்தியசாலை, வேலைத்தளம் எல்லாவற்றையும் கிட்டக் கிட்ட வைத்தது. நகர மக்களில் பெரும்பாலானோர் மையத்திலிருந்து 3 கிலோமீற்றருக்குள் வாழ்கிறார்கள். 3 கிலோமீற்றர் என்பது சைக்கிளில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். தேவையான எல்லாம் அந்தத் தூரத்துக்குள் இருந்தால் கார் ஒரு சுமை. அதற்கு லீசிங் கட்ட வேண்டும், காப்புறுதி கட்ட வேண்டும், எரிபொருள் அடிக்க வேண்டும், நிறுத்த இடம் தேட வேண்டும். அதனால் அந்த நகரத்துக்குள் நடக்கும் பயணங்களில் சுமார் 60 வீதம் சைக்கிளில் நடக்கிறது. ஏழைகள் மட்டும் அல்ல. பேராசிரியரும் வைத்தியரும் மேயரும் ஓடுகிறார்கள்.

பணம் மிஞ்சுவது ஒரு பக்கம். வயதானவர் ஹோர்ன் சத்தத்துக்குப் பதறாமல் வீதியைக் கடக்கலாம். தாய் கையை இறுக்கிப் பிடிக்காமல் பிள்ளையை நடக்க விடலாம். பத்து வயதுப் பிள்ளை தானாகப் பாடசாலைக்குப் போய்த் தானாக வரலாம். என்னைக் கேட்டால் இந்தக் கடைசி ஒன்றுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. தானாகப் போய் வரத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு நிமிர்வு இருக்கும். வகுப்பறையில் எனக்கு அது தெரியும். கொண்டுவந்து இறக்கி, வந்து ஏற்றிக்கொண்டு போகிற பிள்ளைக்கு ஊரே தெரியாது. எந்த ஒழுங்கை எங்கே போகிறது, யாருடைய வீட்டில் மாமரம் இருக்கிறது என்று தெரியாமலே அது வளர்கிறது.

குறைகளையும் மறைக்கக் கூடாது. குரோனிங்கனில் சைக்கிள் நிறுத்த இடமில்லாமல் நிலையத்தையும் நடைபாதையையும் அடைத்துக்கொண்டு கிடப்பது ஒரு தலைவலி. மாற்றுத்திறனாளிகள், நோயாளர், முதியோர் வாகனத்தில் வரவேண்டிய தேவை இருக்கிறது. அதற்கு வழி வைக்காத எந்தத் திட்டமும் அநியாயம். மாற்றம் ஒரே இரவில் முடியவும் இல்லை. அங்கே ஒரு பெரிய பூங்காவின் நடுவால் கார் ஓடிக்கொண்டிருந்தது. அதை மூடலாமா என்று 1994இல் மக்களிடமே வாக்கெடுத்தார்கள். மூடு என்று சொன்னவர்கள் 51 வீதத்தைக்கூடத் தொடவில்லை. மயிரிழையில் வென்றது. 1977க்குப் பதினேழு வருடங்களுக்குப் பிறகும், மாற்றத்தின் பலனைக் கண்ட ஊரிலேயே, பாதிப்பேர் தயங்கினார்கள். ஆகவே நமது கூட்டம் இரண்டாகப் பிரிந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முழு நாட்டின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளின் ஆரம்பத்தில் நெதர்லாந்தில் கார்கள் சுமார் 30 இலட்சம். இப்போது 90 இலட்சத்தை அண்மித்துவிட்டது. மூன்று மடங்கு. அப்போது வருடத்துக்கு 3,300 அளவில் இருந்த வீதி மரணம் இப்போது 700 அளவில். ஆசனப்பட்டி, நல்ல வாகனங்கள், அவசர சிகிச்சை எல்லாவற்றுக்கும் இதில் பங்கு இருக்கிறது. ஆனால் வீதியை மாற்றியதற்கும் பெரிய பங்கு இருக்கிறது. அவர்கள் கார் வாங்குவதை விடவில்லை. கார் எங்கே, எந்த வேகத்தில் போகலாம் என்பதைத் தீர்மானிக்கிற உரிமையைத் தங்கள் கையில் எடுத்தார்கள். நமது நாட்டில் ஒவ்வொரு வருடமும் வீதியில் இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் மௌத்தாகிறார்கள். அந்தத் தொகையை ஒரு செய்தியாகக் கேட்டுவிட்டு அலைவரிசையை மாற்றுகிறோம்.

இப்போது சொன்ன இடத்துக்குத் திரும்பி வருகிறேன்.

நமக்கும் ஒரு 1973 வந்தது. 2022. மறந்துவிட்டோமா? ஜூன் மாதக் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவித்தார்கள். இரவு பகலாக வரிசை. பிறகு கியூஆர் அட்டை. அந்த நாட்களில் நமதூர் வீதி எப்படி இருந்தது என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். மூலையில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்களை எல்லாம் வெளியில் எடுத்தோம். சைக்கிள் திருத்துகிறவருடைய கடையில் சனம். ஹாஜியார்மார் சைக்கிளில் ஜும்ஆவுக்கு வந்தார்கள். நானும் பாடசாலைக்குச் சைக்கிளில்தான் வந்தேன். வீட்டிலிருந்து ஒன்பது நிமிடம் எடுத்தது. மோட்டார் சைக்கிளில் ஐந்து நிமிடம். நான்கு நிமிட வித்தியாசத்துக்காகவா நான் இத்தனை வருடம் எரிபொருள் எரித்தேன் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அது கஷ்டமான காலம். பிள்ளைகளின் படிப்பு கெட்டது, நோயாளிகள் பட்ட பாடு சொல்ல முடியாது. அந்தக் காலம் மறுபடி வரக்கூடாது என்றுதான் துஆக் கேட்கிறேன். ஆனால் அந்தக் கஷ்டத்துக்குள் ஒன்றைக் கண்டோம் அல்லவா? பிள்ளைகள் வீதியில் பந்தடித்ததைக் கண்டோம். பிரதான வீதியில் ஒருவரோடு ஒருவர் சத்தம் போடாமல் பேச முடிந்ததைக் கண்டோம். பிறகு எரிபொருள் வந்தது. சைக்கிள் மறுபடி மூலைக்குப் போயிற்று. என்னுடையதும் போயிற்று, அதை மறைக்கவில்லை.

ஒல்லாந்தருக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அவர்களும் எண்ணெய் இல்லாமல் தவித்தார்கள், நாமும் தவித்தோம். அவர்களுடைய கடைக்காரரும் பயந்தார், நமது கடைக்காரரும் பயப்படுகிறார். அவர்கள் கண்டதை எழுதி வைத்தார்கள், கூட்டம் போட்டார்கள், சண்டை பிடித்தார்கள், முடிவெடுத்தார்கள். நாம் கண்டதை மறந்துவிட்டோம்.

குரோனிங்கன் கேட்டது முழு நகர மையத்தை. நாம் கேட்பது ஒரு வீதி, நாளைக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் அரை மணித்தியாலம். அதுவும் பாடசாலை நடக்கிற நாட்களில் மட்டும். அம்பியுலன்ஸ் வந்தால் திறந்துவிடலாம். நடக்க முடியாத பிள்ளையின் வாகனத்துக்கு வழி விடலாம். உம்மாமார் இரண்டு பக்கச் சந்தியிலும் வாகனத்தை நிறுத்திவிட்டுக் காத்திருக்கலாம். அங்கிருந்து வாயிலுக்கு நடந்து பார்த்தேன், என் காலுக்கு இரண்டு நிமிடம், சின்னப் பிள்ளையின் காலுக்கு மூன்று. கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரே ஒரு தவணைக்குச் செய்து பார்ப்போம். கொப்பன்ஹேகனில் ஆரம்பித்ததும் பரிசோதனையாகத்தான். உங்கள் வியாபாரக் கணக்கை நீங்களே எழுதி வையுங்கள். குறைந்திருந்தால் தவணை முடிவுக் கூட்டத்தில் கணக்கைக் கொண்டுவாருங்கள். அந்த வீதியைத் திறக்கச் சொல்லி முதலில் கையுயர்த்துவது நானாக இருப்பேன்.

அடுத்த கூட்டம் வரும் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலை மண்டபத்தில். எதிர்க்கிறவர்களும் கட்டாயம் வாருங்கள். சிரித்த காக்காவும் வரவேண்டும், அவருக்கு என் பக்கத்தில் கதிரை வைத்திருப்பேன்.

கைக்கட்டோடு அந்தப் பிள்ளை இப்போது வகுப்புக்கு வருகிறது. மாவுக்கட்டில் கூட்டாளிமார் எல்லோரும் பெயர் எழுதியிருக்கிறார்கள். நேற்று என்னையும் எழுதச் சொன்னது. எழுதினேன். ஆனால் அது கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உம்மா ஏசமாட்டா மகன், உன்னில் எந்தப் பிழையும் இல்லை என்று நான் சொல்லலாம். அதைச் சொல்லுகிற முகம் நமக்கு இருக்கிறதா என்பதை வெள்ளிக்கிழமை பார்ப்போம்.

உங்கள் கருத்துகளை எழுதுங்கள். மாற்றுக் கருத்தும் வரவேற்கப்படுகிறது, மரியாதையோடு. கூட்டத்துக்கு வரக்கூடியவர்கள் தெரிந்தவர்களுக்கும் அறிவித்துவிடுங்கள்.



நமதூர் பாடசாலையில் வரலாறு கற்பிக்கும் ஓர் ஆசிரியன்